ஒயர் இல்லாத டிராக்டர்

திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடை. 2024 டிசம்பர், மார்கழி பிறந்து இரண்டு நாள். காலை பத்து மணிக்கு ஓர் இளைஞர் பைக்கை நிறுத்திவிட்டு வேகமாக உள்ளே வந்தார்.

"அண்ணே, மேஸி 1035-க்கு ஸ்பார்க் பிளக் ஒயர் வேணும். மூணு சிலிண்டர். மூணு ஒயர் குடுங்க."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் பில்டர் வாங்க வந்திருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே திரும்பினார்.

"தம்பி, உன் வண்டியில ஸ்பார்க் பிளக் எங்க இருக்குதுன்னு காட்டு. இந்தக் கடையையே எழுதித் தரேன்."

நம்மில் பாதிப்பேருக்கு இந்த நகைச்சுவை புரியாது. அந்த இளைஞருக்கும் புரியவில்லை. அவர் பி.காம் படித்தவர், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சொந்த ஊர் மயிலத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் ஒரு கிராமம். வீட்டில் மூன்று ஏக்கர் நிலமும், அப்பா 1994-இல் வாங்கிய ஒரு சிவப்பு டிராக்டரும் உண்டு. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பரில். மாவட்டத்துக்கும் டிராக்டருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம் என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

அந்த டிராக்டர்தான் இப்போது படுத்துவிட்டது. அதுவும் எந்த நேரத்தில்!

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று சொல்வதைவிட, அங்கேயே உட்கார்ந்துகொண்டது என்று சொல்லலாம். நகராமல் நின்று கொட்டியதில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அரசூர் பக்கம் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடி, போக்குவரத்து நின்றது. சாலைக்கே அந்தக் கதி என்றால் வயலின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. இவர்கள் வீட்டுச் சம்பா நெல் மூன்று ஏக்கரும் தண்ணீருக்குள் படுத்து அழுகியது.

போனது போகட்டும், தண்ணீர் வடிந்து மண் காய்ந்ததும் மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை போட்டுவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. பட்டம் தவறினால் அதுவும் இல்லை. நிலம் உழும் பதத்துக்கு வந்த அன்று கொட்டகையில் இருந்த டீசல் கேனை எடுத்து டேங்கில் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு இருமி நின்றது. கேனுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது!

முப்பது வருட அனுபவம். அப்பா பதறவில்லை. டேங்கை வடித்தார், பில்டர் மாற்றினார், ஏர் எடுத்தார். டிராக்டர் ஓடியது. ஆனால் நொண்டியது. மூன்று காலில் ஒரு காலை ஊன்றாமல் நடப்பதுபோல ஒரு சத்தம். கலப்பையை இறக்கினால் இழுக்கவில்லை.

"மூணுல ஒண்ணு செத்துப்போச்சு" என்றார் அப்பா. அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

மகன் லீவு போட்டு ஊருக்கு வந்தார். இரவு கைபேசியில் 'பழைய டிராக்டர், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை' என்று ஆங்கிலத்தில் தேடினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டரில் ஸ்பார்க் பிளக் ஒயர்களை மாற்றிக் காட்டும் வீடியோ கிடைத்தது. அதில் கேட்ட சத்தமும் வீட்டு டிராக்டரின் சத்தமும் ஒன்றுபோலவே இருந்தன. விஷயம் முடிந்தது, காலையில் ஒயர் வாங்கி மாட்டிவிடலாம் என்று தூங்கிப்போனார். அந்த நம்பிக்கைதான் அவரை அந்தக் கடை வரைக்கும் கொண்டுவந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பார்த்தது முழுக்கத் தவறான டிராக்டரும் இல்லை. அந்தச் சாம்பல் நிற டிராக்டரின் பெயர் பெர்குசன் டிஇ20. ஹாரி பெர்குசனின் வடிவமைப்பு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தைப் போய்ச் சேர்ந்தது இந்த வகை டிராக்டர்களில்தான்! இதற்கு அடுத்து வந்த தலைமுறை, மேஸி பெர்குசன் 35. அதன் இந்திய வாரிசு, சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்த 1035. ஆக, வீடியோவில் இருந்தது தாத்தா, கொட்டகையில் நிற்பது பேரன். மகன் தாத்தாவுக்கு எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு பேரனுக்கு மருந்து வாங்க வந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்தத் தாத்தா பெரும்பாலும் பெட்ரோல். பேரன் டீசல்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்தே சிலிண்டருக்குள் போகும். அதைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேண்டும். அந்தப் பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுபோவதுதான் அந்தத் தடித்த ஒயர். நான்கு சிலிண்டர் பெர்குசனில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நான்கு ஒயர்கள் நான்கு பிளக்குக்குப் போகும். காயிலிலிருந்து மூடிக்கு வருவது ஐந்தாவது. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வருடக்கணக்கில் கிடந்து மேலுறை வெடித்துவிட்டால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் வெடித்த இடத்தில் நீலமாக மினுக்கும்.

மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஞ்சினை அணைத்து ஆறவிட வேண்டும். ஒரே ஒரு ஒயரை மட்டும் கழற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் தலைப்பகுதியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். அதே நீளத்தில் புதியதை மாட்டி, சைலன்சர் குழாயில் படாமல் ஒதுக்கிவிட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டால் எது எந்த இடம் என்று தெரியாது. அந்த எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. வரிசை மாறினால் எஞ்சின் ஓடாது, இல்லாவிட்டால் கார்புரேட்டர் வழியாக எதிர்த்து வெடிக்கும்.

நம் ஊரில் இந்த ஒயரைப் பார்க்கவேண்டுமென்றால் பைக்கிலோ, முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரிலோ பார்க்கலாம். டிராக்டரில் பார்க்க முடியாது. இங்கே உழும் டிராக்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே டீசல்.

டீசலில் தீப்பொறியே கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்று போகிறது. அந்தக் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று அமுக்குகிறார்கள். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அதே கதைதான், ஆனால் இங்கே சூடு 500 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பனிபோலப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி தேவையில்லை. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் இதை ஓடும் எஞ்சினாகச் செய்து காட்டினார். 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினை எதை ஊற்றி ஓட்டினார்கள் தெரியுமா? கடலை எண்ணெய்! டிஎம்வி என்ற மூன்றெழுத்தில் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய கடலை ரகங்கள் வெளிவந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில், இந்தச் செய்தியைக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

சரி, கடைக்கு வருவோம்.

கடைக்காரர் கிண்டல் செய்தாலும் நல்ல மனிதர். "வண்டியப் பாக்காம எதையும் வாங்காத தம்பி" என்று சொல்லி ஒரு மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்தார். மதியத்துக்குள் மெக்கானிக் வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பையில் நாலைந்து ஸ்பேனர்கள், ஒரு பழைய துணி, ஒரு அட்டைத் துண்டு. அவ்வளவுதான்.

வந்தவர் எதையும் கழற்றவில்லை. முதலில் எஞ்சினைச் சுற்றித் துடைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார்.

டீசல் பம்பிலிருந்து மூன்று இரும்புக் குழாய்கள் மூன்று நாசிலுக்குப் போகின்றன. ஹை பிரஷர் பைப் என்பார்கள். பெட்ரோல் டிராக்டரில் ஒயர் செய்யும் வேலையை, டீசல் டிராக்டரில் இந்தப் பைப் செய்கிறது என்று சொன்னால் தவறில்லை. ஒயர் தீயைக் கொண்டுபோகிறது, பைப் தீயாகப்போகும் டீசலைக் கொண்டுபோகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பைப்பும் 750 முறை டீசலைத் தள்ளவேண்டும், அதாவது நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல்.

மெக்கானிக் முதல் நாசிலின் நட்டைத் துணியால் மூடி லேசாகத் தளர்த்தினார். எஞ்சின் இன்னும் மோசமாகத் தள்ளாடியது. இறுக்கினார். மூன்றாவதைத் தளர்த்தினார். மறுபடியும் தள்ளாடியது. இறுக்கினார். இரண்டாவதைத் தளர்த்தினார்.

சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"வேலை செய்யறவன் கையப் புடிச்சா வேலை கெடும். சும்மா இருக்கறவன் கையப் புடிச்சா என்ன கெடப்போவுது? இவன்தான் தம்பி சும்மா இருக்கறான்" என்றார்.

பெட்ரோல் எஞ்சினிலும் மெக்கானிக்குகள் இதேபோல ஒவ்வொரு பிளக்காகத் துண்டித்துப் பார்ப்பது உண்டு. பாகம்தான் வேறு, யோசனை ஒன்றுதான். (ஒரு எச்சரிக்கை: பழைய பம்ப் உள்ள டிராக்டரில் பழகிய கை செய்கிற வேலை இது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகி, காமன் ரெயில் எஞ்சின்கள் வந்துவிட்டன. அவற்றில் அழுத்தம் பல மடங்கு அதிகம். ஓடும்போது நட்டில் கை வைக்கவே கூடாது.)

பிறகு இரண்டாவது பைப் பக்கத்தில் அந்த அட்டைத் துண்டைப் பிடித்தார். பம்ப் பக்கம் பிடித்தபோது ஒன்றுமில்லை. நாசில் பக்கம் பிடித்ததும் அட்டையில் பொட்டுப்பொட்டாக ஈரம். கையை ஏன் வைத்துப் பார்க்கவில்லை என்று மகன் கேட்டார். பைக் டயரில் இருப்பது 30 பவுண்டு காற்று, இந்த நாசில் திறப்பதற்கே 2,000 பவுண்டுக்கு மேல் வேண்டும். மயிரிழை வெடிப்பில் பீறிடும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். அதனால்தான் அட்டை.

பைப்பைக் கழற்றினார். நாசில் பக்கத்து நட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய வெடிப்பு. பைப் கொஞ்சம் முறுக்கியும் இருந்தது.

அது எப்படி வந்தது என்பது பார்த்த உடனே அங்கிருந்த இரண்டு பேருக்குப் புரிந்தது. மெக்கானிக்குக்கும், அப்பாவுக்கும். ஏர் எடுத்த அன்று நாசில் பக்கத்து நட்டு துருவில் பிடித்துக்கொண்டிருக்கிறது. பம்ப் பக்கத்து நட்டைத் தளர்த்தாமல், அவசரத்தில் பெரிய ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்திருக்கிறார் அப்பா. நட்டோடு சேர்ந்து பைப்பும் திருகிவிட்டது. தண்ணீர் செய்த கோளாறை அவர் சரிசெய்துவிட்டார். இது அவரே செய்த கோளாறு.

முப்பது வருடம் இந்த வண்டிக்கு வெளி ஆள் கையை அதிகம் படவிடாதவர். ஒரு வாரமாக அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பயிர் போனது மட்டுமில்லை என்று மகனுக்கு அப்போதுதான் தோன்றியது.

மெக்கானிக் பைப்பைத் துணியில் துடைத்து அப்பாவிடம் கொடுத்தார். "முப்பது வருசம் ஒழைச்ச பைப்புண்ணே. எப்படியும் போற நேரம்தான். மழைத்தண்ணி வேற" என்றார்.

அப்பா "ம்" என்று மட்டும் சொன்னார்.

மகன் மீண்டும் திண்டிவனம் ஓடினார். இந்த முறை பழைய பைப்பைக் கையிலேயே எடுத்துப்போனார். கடைக்காரர் புதியதை அதன்மேல் வைத்து வளைவு வளைவாகப் பொருத்திப் பார்த்துக் கொடுத்தார். சில நூறு ரூபாய்தான். மூன்று பைப்புகளும் வளைந்து வளைந்து போவதில் ஒரு காரணம் இருக்கிறது. பம்புக்கு அருகில் இருக்கும் சிலிண்டருக்கும், தள்ளி இருக்கும் சிலிண்டருக்கும் பைப்பின் நீளம் ஒன்றாக இருக்கவேண்டும். நீளம் மாறினால் டீசல் போய்ச்சேரும் நேரம் மாறும். அதனால்தான் கிட்டே இருப்பது சுற்றிக்கொண்டு போகிறது. கையில் கிடைத்த குழாயை வெட்டி வளைத்து மாட்டுவது அங்கே செல்லாது.

மாட்டும் வேலையைச் செய்தது அப்பாதான். மெக்கானிக் ஸ்பேனரை அவரிடம் நீட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பக்க நட்டையும் முதலில் விரலால் மட்டும் சுற்றினார். பைப் இயல்பாக உட்கார்ந்த பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி, அளவாக இறுக்கினார். பில்டரின் மேல் ஸ்க்ரூவைத் திறந்து, ஃபீட் பம்பின் கை நெம்புகோலை அடித்தார். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். பம்பிலும் அதேபோல ஏர் எடுத்தார். கடைசியாக நாசில் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்து, மகனை ஸ்டார்ட்டரைப் போடச் சொன்னார். டீசல் துப்பியதும் ஒவ்வொன்றாக இறுக்கினார்.

டிராக்டர் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. நொண்டல் இல்லை.

அன்று இரவு மகன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாராம். நம் வகுப்பில் எல்லோரும் படிக்கும் தேய்மானக் கணக்குதான். ஒரு லட்ச ரூபாய் இயந்திரத்துக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில் வருடம் 15 சதவீதம் கழித்தால் பத்தாவது வருட முடிவில் 19,687 ரூபாய். இருபதாவது வருட முடிவில் 3,876. முப்பதாவது வருட முடிவில் 763 ரூபாய். அதாவது அந்த டிராக்டரின் லட்சத்துக்கு 763 ரூபாய்தான் புத்தகத்தில் மிச்சம். கணக்குப் புத்தகம் கிட்டத்தட்ட அடக்கம் செய்துவிட்ட வண்டி, மறுநாள் காலை மூன்று ஏக்கரை உழுதது. பட்டம் தவறவில்லை. மல்லாட்டை விதைத்தாயிற்று.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. அதற்குப் பாடப்புத்தகத்தில் பத்தி இல்லை. அந்தக் கடையில் மூன்று ஒயரும் கிடைத்திருந்தால் மகன் வாங்கியிருப்பார். மெக்கானிக் வராமல் இருந்திருந்தால் அப்பா நாசிலை மாற்றியிருப்பார், அப்புறம் பம்பைக் கழற்றி அனுப்பியிருப்பார். ஒவ்வொன்றும் பணம், ஒவ்வொன்றும் நாள். மகனுக்கு வண்டியே தெரியாது. அப்பாவுக்கு வண்டி முழுக்கத் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்தார்கள். எங்கே கெட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கையை வைத்துவிட்டார்கள். மெக்கானிக் வாங்கிய கூலியில் பாதி அந்த அட்டைத் துண்டுக்குத்தான்.

பழைய பைப்பை அப்பா தூக்கிப்போடவில்லை. கொட்டகையில் டீசல் கேன் வைக்கும் இடத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். கேனுக்கு இப்போது இறுக்கமான மூடி போட்டாகிவிட்டது. யாராவது வந்து "அது என்ன பைப்?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்:

"அதுவா? எம்மவன் வாங்கப்போன ஸ்பார்க் பிளக் ஒயரு!"